தூக்கத்தில் வந்த "உள்ளேன் ஐயா"

திண்டிவனம்,
16.2.2003, ஞாயிறு

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. புனேயில் நீ எப்படி இருக்கிறாய் என்பது நீ எழுதினால்தான் தெரியும். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிள்ளைக்கு வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் உன் அம்மா சௌந்தரம். இருக்கட்டும், இன்றைக்குக் குறை சொல்ல உட்காரவில்லை. நேற்று நான் ஜெயித்தேன், அதை உனக்கு எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்பதாம் வகுப்பைத் தஞ்சாவூருக்குச் சுற்றுலா அழைத்துப்போய் ஒரு ராத்திரி தங்கி நேற்றுத் திரும்பினோம். பொறுப்பு என்னுடையது. தலைமையாசிரியர் தாண்டவராயனும் வந்தார், பிள்ளைகளைப் பார்க்க அல்ல, நான் எங்கே சறுக்குகிறேன் என்று பார்க்க. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்து எனக்கு மேலே உட்கார்ந்தவர். பள்ளி முழுக்க "எஸ் சார்" சொல்லும்போது என் வகுப்பு மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்கிறது என்று அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்தவர். அந்தப் பெயருக்குக் கூச்சப்பட்டு நீயும் எட்டாவதில் வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டு போனாய், நான் மறக்கவில்லை.

நேற்று மத்தியானம் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தால் ஒரு பிள்ளை குறைகிறது. வேணி, மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். கிளம்பும்போது அவள் அம்மா அம்சா, "ஊரத் தாண்டி இவள உட்டதே இல்ல சார், உங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொல்லியிருந்தாள். அங்கே வேறு பள்ளிகளின் வண்டிகளும் வரிசையாக நின்றன, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அரசுச் சீருடை. விளையாட்டு ஆசிரியர் தேவசகாயம் விசில் ஊதினார், அடுத்த பள்ளிப் பிள்ளைகளெல்லாம் எங்களிடம் ஓடிவந்து நின்றார்கள், வேணியைத் தவிர. பெயர் சொல்லிக் கத்தியும் பார்த்தோம். தாண்டவராயன் பிள்ளைகள் எதிரிலேயே என்னிடம், "நீங்கதான சார் இன்சார்ஜ், போலீசுக்கு நீங்களே போய் சொல்லிக்குங்க, என்ன இழுக்காதீங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வேணி விடியுமுன் எழுந்து மீன்கூடை கட்ட அம்மாவுக்கு உதவிவிட்டுப் பேருந்து பிடித்து வருகிறவள், முதல் பாடவேளையில் தூங்கிவிடுவாள். பெயர் சொல்லி எழுப்பினால் அசையமாட்டாள். ஆனால் வருகை எடுக்கையில் பெயர்கள் வரிசையாக வந்து அவள் முறை வந்துவிட்டால், கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லிவிடுவாள். பிள்ளைகளை நிற்கவைத்து, வண்டிகளுக்கு நடுவில் நின்று மனப்பாடமாக வருகை எடுக்க ஆரம்பித்தேன். அம்பிகா உள்ளேன் ஐயா என்றாள். "புள்ளயக் காணோங்கிற நேரத்துல அட்டண்டன்ஸ் எடுத்துக்கினு நிக்கிறாரே, இது என்னய்யா பேஜாரு" என்று தாண்டவராயன் தேவசகாயத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அகர வரிசையில் வேணி கடைசி. வேணி என்றேன். இஞ்சினைப் போட்டுப் புறப்படத் தொடங்கியிருந்த புதுக்கோட்டைப் பக்கத்து வண்டி ஒன்றின் கடைசிச் சன்னலிலிருந்து, தூக்கம் கலையாத குரலில் வந்தது, உள்ளேன் ஐயா. வெயில் தாங்காமல் எங்கள் வண்டி என்று நினைத்து ஏறிப் பின்சீட்டில் படுத்திருக்கிறாள். ஓடிப்போய் வண்டியை மறித்து இறக்கினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் உள்ளேன் ஐயா என்றே கத்திக்கொண்டு வந்தார்கள். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தியபோது தாண்டவராயன் தன் கையாலேயே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து எல்லா வகுப்பிலும் இப்படியே சொல்ல வைத்துவிடலாமா சார் என்று கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன். சிரிக்கவில்லை. டீயில் சர்க்கரை போதாது என்று மட்டும் சொன்னேன், இன்னொரு டீ வந்தது.

இன்று காலை அம்சா வஞ்சிரம் மீனோடு வாசலில் வந்து நின்றாள். "தூக்கத்துலகூட வாயத் தொறக்க வச்சிருக்கீங்களே சார், வூட்ல நான் கூப்டா அந்தக் கழுத ஏன்னு கேக்காது" என்றாள். உன் அம்மா உள்ளேயிருந்து, "எங்க வூட்லயும் அதே கததான்" என்றாள். யாரைச் சொன்னாள் என்பது உனக்கே தெரியும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். வெளியில் வாங்கித் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீ நீண்ட நாள் இருக்க எங்கள் ஆசி. நீளமாக எழுத நேரமில்லை என்றால் வேண்டாம், ஒரு கார்டு போதும். அதில் இரண்டு சொல் போதும், அவை எவை என்று நான் சொல்லவேண்டியதில்லை. இங்கிருந்து கூப்பிடுகிறேன்: தமிழ்ச்செல்வி.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்புராயன்