மச்சானும் என் வல்லாரைச் சாறும்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் லேசான குளிர். அதற்கே வடவள்ளி முழுக்கக் குல்லா. என்னைத் தவிர.

இன்று முதல் எதிர் வீட்டு மச்சானின் நலத்துறை என் வசம். நோயாளி: துரைசாமி, தங்கை சரசுவின் வீட்டுக்காரர். எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டுவதில் புலி. மூன்று மாதமாகக் கடை திறக்கவில்லை. சாப்பாடு பாதி, பேச்சு கால், சிரிப்பு பூஜ்யம். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நடை, வெயில், நேரத்துக்குத் தூக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். மாத்திரை அவர் இலாகா. மற்றதெல்லாம் நான்.

- காலை ஆறுக்கு நடை.
- மாலை ஐந்துக்கு மேல் காபி கிடையாது.
- ராத்திரி ஒன்பதுக்கு மேல் செல்போன், சரசுவின் சேலை பீரோவுக்குள்.
- என் கண்டுபிடிப்பு: வல்லாரை, கறிவேப்பிலை, இஞ்சி, ஒரு துண்டு பாகற்காய். இந்தச் சாற்றைக் கேள்விப்பட்டால் சித்தர்கள் மலையிறங்கி வந்து க்யூவில் நிற்பார்கள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "கீரை, காய் சாப்பாட்டு அளவுல சரிங்க. பொடி, லேகியம் எதுவும் என்னைக் கேக்காம வேண்டாம். மாத்திரைய நிறுத்தவே கூடாது." சித்தப்பா கொடுத்தனுப்பிய அமுக்கரா பொடி பரணுக்குப் போனது.

பிப்ரவரி 3, செவ்வாய்

மருதமலை ரோட்டில் நடை. நான் பத்து யானையை அடக்கியவன் தோரணையில் முன்னால். (முட்டி விண்விண். இது இந்த நோட்டுக்கு மட்டும்.)

திரும்பி வந்ததும் சாறு ஒரு சொம்பு. மச்சான் ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படீங்க மச்சான்?"

"நல்லா இருக்குதுங்க."

"மனசு?"

"பரவாயில்லீங்க."

ஒரே நாளில் குணம்! பத்து மணிக்குள் பல்லடம் முதல் பொள்ளாச்சி வரை சொந்தபந்தம் அத்தனைக்கும் போன்.

பிப்ரவரி 4, புதன்

நடை. சாறு. "நல்லா இருக்குதுங்க."

அப்புறம் சரசு அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்ணா, குணமாயிருச்சுன்னு ஊரெல்லாம் போன் போட்டீங்களாமா?"

"அவரே சொன்னாரே அம்மணி."

"அவரு யாருகிட்டத்தான் நல்லா இல்லேன்னு சொல்லுவாரு? போன வாட்டி டாக்டர் கேட்டதுக்கும் 'பரவாயில்லீங்க'ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு. அவரும் அதே மாத்திரைய எழுதிட்டாரு. வெடியால மூணு மணிக்கே எந்திரிச்சு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கறாருங்ணா. என்னையுஞ் சொல்ல உடமாட்டேங்கறாரு. வெள்ளிக்கிழமை மறுக்காப் போகோணும். அங்கயும் இதே பாட்டுத்தான்."

தலையில் இடி. எங்கள் ஊர் மரியாதை அப்படி. காபியில் உப்பைப் போட்டாலும் நல்லா இருக்குதுங்க. எதிராளி முகம் வாடக் கூடாது.

மிச்சமிருந்த சாற்றை முதல் தடவையாக நானே குடித்துப் பார்த்தேன். எருமை எழுந்து ஓடும். அந்த மனுஷன் இரண்டு சொம்பு குடித்திருக்கிறார், என் முகத்துக்காக.

பிப்ரவரி 5, வியாழன்

பனி. நடை, பாதி தூரம். வரலாறு காணாத சம்பவம்: நான் பெருமையை விட்டுப் பேசினேன்.

"மச்சான், எனக்கு முட்டி போச்சுங்க. மூணு நாளா நடிச்சுட்டு இருக்கறேன். அந்தச் சாறும் படுமோசம்."

நின்றுவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. சாறு... சகிக்கலீங்க."

"மனசு?"

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"நல்லா இல்லீங்க. எதுக்கு எந்திரிக்கறோமுன்னே தெரியறதில்லீங்க."

கையைப் பிடித்துக்கொண்டேன். "இத அப்படியே நாளைக்கு டாக்டர்கிட்டச் சொல்லோணும்."

"பெரிய மனுசரு. நம்மளால அவருக்கு எதுக்குங்க சங்கடம்?"

"அந்தச் சங்கடத்துக்குத்தானுங்க அவரு படிச்சதே!"



பிப்ரவரி 6, வெள்ளி

ஆர்.எஸ்.புரத்தில் டாக்டரின் கிளினிக். வண்டி நிறுத்த இடம் பிடித்தது தனிக் காவியம். டோக்கன் 14.

"எப்படி இருக்கீங்க துரைசாமி?"

"பரவாயில்லீங்க."

சரசு தலையைக் குனிந்துகொண்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அறுபத்தோரு வருஷத்தில் நான் வாயை மூடியிருந்த முதல் நிமிடம்.

மச்சான் சட்டைப் பையில் கை விட்டார். ரிப்பேருக்கு வரும் மோட்டாரில் கோளாறு எழுதிக் கட்டுவாரே, அந்த அட்டை. மேசை மேல் வைத்தார். அவர் கையெழுத்து:

"தூக்கம் 3 மணி வரை. பசி இல்லை. கடைச் சாவியை எடுத்தால் கை நடுக்கம். கேட்டால் பரவாயில்லை என்பான். நம்ப வேண்டாம்."

டாக்டர் இரண்டு முறை படித்தார். அப்புறம்தான் கேள்விகள். மச்சான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், மெதுவாக, தரையைப் பார்த்து. மாத்திரை மாறியது. வாரம் ஒருநாள் மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகர். நடை தொடரலாம். சாறு ரத்து.

கொங்குச் சீமையில் இப்படி ஒரு வீரன் பிறந்ததில்லை. அவன் என் மச்சான். வழியெல்லாம் ஆட்டோக்காரர்களிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

பிப்ரவரி 7, சனி

காலை ஆறு. போன் போட்டேன்.

"இன்னிக்கு முடியலீங்க மச்சான்."

கால் வலி, விருந்தாளி என்று ஒரு சாக்கும் இல்லை. முடியலீங்க, அவ்வளவுதான். என் நெஞ்சு மருதமலை அளவுக்கு நிமிர்ந்தது.

"அப்ப நான் வாரேனுங்க."

ஏழரைக்கு அவர் வீட்டு மொட்டை மாடியில் நல்ல வெயில் விழும். நாற்காலி இரண்டு தூக்கிப் போக வேண்டும்.