தொட்டியில் ஒரு பெருவிரல்

28.07.2025
பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே தின்றேன்.

நல்லூரிலிருந்து சிவகௌரி போன் எடுத்தா. கனடாவால் வந்து தாய்வீட்டைத் திருத்துகிறவ. அங்கே இருக்கிற பழைய வார்ப்பிரும்புக் குளிக்கிற தொட்டிதான் என் புருசனுடைய கடைசி வேலை. உள்ளே கறள் பிடித்த இடமெல்லாம் சுரண்டி, குழிகளை அடைத்து, வெள்ளைப் பெயின்ற் முதல் பூச்சுப் பூசிவிட்டு வந்து படுத்த மனுசன். விடிய எழும்பவில்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. முடிக்க ஆளில்லாட்டி அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு வைக்கப்போறன்."

எறியவோ? அவருடைய கை கடைசியாகப் பட்டது அதிலே. நான் வாறன் என்றேன். பெயின்ற் கலக்கிக் கொடுத்து, லைற் பிடித்து, அவரோடு கூடத் திரிந்தவள்தானே.

01.08
போனேன். தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம். காய்ந்ததா என்று அந்த மறைவில்தான் அழுத்திப் பார்ப்பார். "உனக்குத்தான் அவசரம், பெயின்றுக்கு இல்லை" என்பார்.

அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிவரப் பூசினேன்.

"துடக்கெல்லாம் நான் பாக்கிறேல்லை அக்கா" என்றா சிவகௌரி. ஆனால் நல்லூர்க் கோயில் கொடியேறிவிட்டது, அந்த வீடே விரதம். செத்தவீட்டுத் துடக்குத் தீட்டோடு நான் நடந்த இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

02.08
இன்றைக்குப் போய்ப் பார்த்தால், தொட்டிக்குள்ளும் தெளித்திருக்கிறேன். காயாத பெயின்றில். என்ன விசர் வேலை செய்தனான்? வெள்ளை முழுக்க மஞ்சள் புள்ளி. துடைக்கத் துடைக்க இழுபடுகிறது. அவருடைய பூச்சும் சேர்ந்து வருகிறது.

03.08
எழும்பவில்லை.

04.08
இவருடைய தம்பி கேதீஸ்வரன் வந்து பார்த்தார். ஓட்டோக்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்.

"முழுக்கத் தேய்க்கோணும் அண்ணி. இரும்பு தெரியத் தேய்க்கோணும்."

"அந்த விரல் அடையாளத்தை மட்டும் விட்டிட்டு..."

"விட்டால் அதிலையிருந்துதான் உரியத் துவங்கும்." சாண்ட்பேப்பரை எடுத்தார். "நான் தேய்ச்சுவிடுறன். நீங்கள் வெளியிலை இருங்கோ."

நான் விடவில்லை.

05.08
எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு அதைக் கடைசிக்கு வைத்தேன். சாண்ட்பேப்பரைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தன், இருந்தன் — பிறகு ரெண்டு இழுவை. போச்சுது. இவ்வளவு மெல்லிசோ?

08.08
திரும்பப் பூசுகிறேன். முதலிலிருந்து.

16.08
கீரிமலையில் அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. இனித் துடக்கில்லையாம்.

18.08
நல்லூருக்குப் போனேன். தொட்டி பளபளவென்று இருக்கிறது.

"புதுசு மாதிரி அக்கா. அண்ணை இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்."

ஓம் என்றேன்.

அவ தேத்தண்ணி போட அங்கால் போனபிறகு, ஓட்டைக்குப் பக்கத்தில், அவர் வைத்த அதே இடத்தில் என் பெருவிரலை வைத்து அழுத்தினேன். நல்லாய் அழுத்தினேன்.

காய்ந்துவிட்டது. அடையாளம் விழவில்லை.