ஐந்து மாதத்துக்கு எத்தனை நாள் தீட்டு

திருவண்ணாமலை,
திங்கட்கிழமை

அன்புள்ள குஜாவுக்கு,

அண்ணாமலையார் அருளால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் ஜாஸ்தி என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. பௌர்ணமிக் கூட்டம் நேற்றுத்தான் வடிந்தது, தெருவில் இன்னும் குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பிரியா மன்னி ஏன் போனை எடுப்பதில்லை என்று நீ கேட்டபோது தலைவலி என்று அம்மாவைச் சொல்லச் சொன்னது நான்தான். போனில் என்னால் பேச முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் மன்னியின் குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை என்று தெரிந்தது. வேலூரிலும் காட்டினோம், அதே பதில்தான். பிறந்தாலும் சில மணி நேரந்தான் இருக்கும், இப்போதே எடுத்துவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது, முடிவு சிவப்பிரியாவுடையது என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். உன் அம்மா, உயிர் கொடுத்தவனே எடுத்துக்கட்டும், நாம ஏன் கை வைக்கணும் என்றாள். அவளை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத உன் அண்ணன் சுந்தரேஷ், நாலு மாசம் வயித்தைத் தடவிண்டே சாவுக்கு இவ காத்துண்டிருக்கணுமான்னு கத்தினான். சிவப்பிரியா மட்டும், அசையறதே மாமா என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாள் அவளே கையெழுத்துப் போட்டாள். போன புதன்கிழமை எல்லாம் முடிந்தது. பெண் குழந்தை. சுந்தரேஷ் பார்த்தான், நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் கோயிலில் என் பூஜை முறை. தீட்டு உண்டா என்று பெரிய குருக்களைக் கேட்டேன். அஞ்சு மாசந்தானே, உமக்கு ஸ்நானம் பண்ணினா போதும், முறைக்கு வாரும் என்றார். குளித்துவிட்டு விபூதி இட்டுக்கொண்டிருந்தபோது சிவப்பிரியா அறையிலிருந்து, உங்களுக்குத் தீட்டு உண்டா மாமா என்று கேட்டாள். உண்டு என்றால், ஒரு உயிரைப் போக்கினாய் என்று நானே சொன்னதாகிவிடும். இல்லை என்றால், அவள் சுமந்தது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தீட்டுக் கணக்குச் சொன்னவன் நான். என்னோடு பூஜை முறை பார்க்கும் தசரதனைக் கூப்பிட்டுக் காய்ச்சல் என்று பொய் சொல்லி, மூன்று நாள் என் முறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மத்தியானம் அவள் எழுந்து வந்து நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து கொஞ்சம் மோர்சாதம் சாப்பிட்டாள். நான் வீட்டில் இருந்தது அவளுக்கு ஆறுதலா, இல்லை தீர்ப்பாக எடுத்துக்கொண்டாளா, தெரியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. இன்று காலை சந்நிதியில் மந்திரம் தானாக வந்துகொண்டிருந்தது, நான் எங்கேயோ நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மன்னியோடு பேசு. அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று மட்டும் சொல்லாதே, வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். குழந்தைக்கு அவள் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாளாம், அதை யாரிடமும் சொல்லவில்லையாம். உன்னிடம் சொன்னால் கேட்டுக்கொள். எனக்கு எழுத வேண்டாம்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
நீலகண்டன்