ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போன சோறு

மச்சா,

இன்று காலை எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. தவணையில்தான். பெட்டியிலிருந்து தெர்மாகோலை உருவும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது பார், பல் கூசிவிட்டது. என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். சொல்வதென்றால் ஈஜிபுராவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெஷின் பொருத்த வந்தவர் வேறு குழாய் எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஆம்பூரில் உன் வீட்டு வாசலில் நின்ற அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. முப்பது முடியாதவனைக் காமாலை கொண்டுபோனால் அதில் பேச என்ன இருக்கிறது? இன்று பேச்சு வருகிறது. சிரிப்போடு வருகிறது. நீ தப்பாக நினைக்கமாட்டாய்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் ஈஜிபுராவில், மூன்றாவது மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. "நீனும் தமிழு, அவனும் தமிழு, ஷேர் பண்ணிக்கோங்க" என்று ஓனர் அம்மாதான் நம்மைச் சேர்த்துவைத்தார். நீ கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் துணி வெட்டுகிறவன். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ட்ரெய்னி. ட்ரெய்னி என்றால் வேலை முழுசு, சம்பளம் பாதி. அந்தப் பாதியும் யாருக்கும் தெரியக்கூடாது எனக்கு. மதியம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "ஹோட்டல்ல ஃபுல் மீல்ஸ்" என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வேன்.

அந்த மழைக்காலத்தில் எல்லாம் ஒன்றாக ஏறியது. "எல்லாமே ஜாஸ்தி ஆயித்து கண்ணா, நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தபடியே ஓனர் அம்மா வாடகையை ஏற்றினார். பஸ் டிக்கெட் ஏறியது. ரேஷன் கார்டு இல்லாத நமக்கு காஸ் கனெக்‌ஷன் கிடையாது. சின்ன சிலிண்டரைக் கடையில் கிலோ கணக்கில் நிரப்பிக்கொள்வோம். கடைக்காரர் வாரம் ஒரு விலை சொன்னார். நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன். அரக்கோணத்தில் மாமாவுக்கு டிவி ரிப்பேர் கடை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் வாடகை இல்லை, சோற்றுக்குச் செலவு இல்லை, பெங்களூரும் இல்லை.

"பர்மனென்ட் ஆக இன்னும் எத்தினி மாசம்?" என்று கேட்டாய்.

"மூணு."

"மூணு மாசம் ஓட்டிட்டா இங்கயே இருப்பியா?"

"எதை வச்சுடா ஓட்டுறது? அடுப்பப் பத்தவச்சாலே காசு எரியுது."

"அப்ப பத்தவைக்காம சமைப்போம்."

ஃபேக்டரியில் ஒரு விரல்கடை துணி வீணாகாமல் வெட்டுத்தாள்களைத் துணிமேல் நெருக்கி அடுக்குவாயே, அதே கண்ணால் அறையைச் சுற்றிப் பார்த்தாய். என் சட்டைகளை வைக்க ஆபீஸிலிருந்து நான் தூக்கிவந்திருந்த காலி பிரிண்டர் பெட்டியில் உன் பார்வை நின்றது. சட்டைகள் வெளியே போயின. அதோடு வந்த தெர்மாகோலைப் பானை அளவுக்குக் குடைந்தாய். கிறீச் கிறீச்சென்று அறையே அலறியது. குடைந்த குழியில் வெட்டுத்துணியைத் திணித்தாய். அரிசியை ஒரு கொதி விட்டு இறக்கி, பானையை உள்ளே வைத்து, மூடிமேல் ஒரு செங்கல்லை ஏற்றினாய்.

"ஆம்பூர்க்காரன்டா நான். பிரியாணிக்குத் தம் போடுறோம், வெறுஞ்சோத்துக்குப் போட்டா இன்னா, கோச்சுக்குமா?"

ஆகாது என்று நான் தாளில் வெப்பக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "நீ கணக்க முடி, நான் சாப்ட்டு முடிக்கிறேன்" என்றாய். அன்று சோறு வேகவில்லை. காரணம் நான்தான். மல்டிமீட்டரின் வெப்பம் பார்க்கும் வயரை உள்ளே விட்டு ஐந்து முறை மூடியைத் திறந்திருந்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் நீ பெட்டியையே பிரவுன் டேப் போட்டு ஒட்டிவிட்டாய். "இப்பத் தொறடா பாக்கலாம்!"

அன்று சோறு வெந்தது. மல்லிகைப்பூ மாதிரி வெந்தது. சிலிண்டர் இரண்டு மடங்கு நாள் வந்தது. நம் நாட்கள் நன்றாகத்தான் ஓடின, அந்தத் திங்கட்கிழமை வரை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ். அவர்களுடைய பிரிண்டர் இரண்டு முறை எங்களிடம் வந்தும் சரியாகவில்லை. சூப்பர்வைசர் என்னிடம் கொடுத்து, "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா உன் கன்ஃபர்மேஷனை மறந்துடு" என்றார். சனிக்கிழமை சரிசெய்து, திங்கள் காலை நேரே பள்ளிக்கூடத்துக்கே போகலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நம் சோற்றுப் பெட்டியும் அதே மாடலின் பெட்டி. கதவுக்குப் பின்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் பிரவுன் டேப். செங்கல்லின் புண்ணியத்தில் கனமும் ஏறக்குறைய ஒன்று. எனக்கு வழக்கம்போல அவசரம். கையில் பட்டதைத் தூக்கிக்கொண்டு ஏழரை பஸ்ஸுக்கு ஓடினேன். சிவாஜிநகரில் இறங்கி அடுத்த பஸ். மடியில் சூடு தட்டியிருந்தாலாவது புரிந்திருக்கும். தெர்மாகோல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஆபீஸ் மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கத்தரியால் டேப்பை வெட்டினார். ஆவி குப்பென்று வந்தது.

"என்ன தம்பி, ரிப்பேர் பண்ணித் தரச் சொன்னா சமைச்சுக் கொண்டாந்திருக்கே?"

பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெர்மாகோல் ஏன் வெப்பத்தை வெளியே விடாது என்று விளக்க ஆரம்பித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும். பத்து மணிக்குப் பேரன்ட்ஸ் வருவாங்க, நான் எதுல ரசீது அடிக்கிறது?" என்றார் மிஸ். ஈஜிபுராவுக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். அவர் எங்கள் கம்பெனிக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்தார். நான் மனசுக்குள் அரக்கோணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

மடியில் பிரிண்டரோடு நீ. எட்டரைக்கு டிபன் கட்டப் பெட்டியைத் திறந்திருக்கிறாய். உள்ளே மிஷினும், மேலே பள்ளிக்கூட விலாசம் எழுதிய சீட்டும். பாக்கி ஒரு ரூபாயை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்த கண்டக்டரைக் கடைசி ஸ்டாப் வரை விடாதவன் நீ. ஆட்டோக்காரர் "சில்லறை இல்ல" என்றதும், மீதியை விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே வந்தாய்.

"மிஸ், எங்க சோறு உங்ககிட்ட வந்துட்சு. உங்க மிஷினு எங்ககிட்ட இருந்துச்சு. மாத்திக்கலாமா?"

ரிசீவர் கீழே போனது. முதலில் சிரித்தவர் மிஸ்தான். பிரிண்டரை மாட்டினேன். கரகரவென்று தாள் நகர்ந்தது, எழுத்து நேராக விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் நம்மை விடவில்லை. "வெந்திருக்கான்னு பாத்துட்டுப் போங்கப்பா." மூடியைத் திறந்தோம். அப்படி ஒரு பதம்! யாரோ ஊறுகாய் பாட்டிலை எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி. இந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று நாலு பேர் கேட்டார்கள். நான் இத்தனை நாள் ஒளித்துவைத்ததை ஒரு ஆபீஸே கை நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உன்னைத் திட்டினேன். "அரை நாள் சம்பளம் போச்சு, ஆட்டோவுக்கு வேற அவ்வளவு குடுத்திருக்கே. அறிவிருக்கா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நீ ஊருக்குப் போயிட்டா முழு வாடகையும் நான்தான்டா கட்டணும். ஆட்டோ சீப்பு."

நான் அதை அப்படியே நம்பினேன், மச்சா. சரியான கணக்குதான் என்றுகூடச் சொன்னேன். நீ சிரித்தாய். நீ ஏன் அப்படிச் சிரித்தாய் என்று புரிய எனக்கு வருடங்கள் பிடித்தன.

பர்மனென்ட் ஆகி, கம்பெனி மாறி, இந்த ஊரிலேயே கல்யாணமும் செய்துகொண்டேன். விலைவாசி இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகும்போது விலையைச் சத்தமாகக் கேட்கிறவன் நான்தான். மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கச் சொல்கிறவனும் நான்தான். பக்கத்தில் இருப்பவர்கள் நெளிகிறார்கள். எனக்கு வெட்கமே வருவதில்லை. அதை ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே விட்டுவிட்டேன்.

நம்மவர் ஒருவருக்கு அவசரம் என்றால் நானும் கேள்வி கேட்காமல் பாக்கெட்டில் கை விடுகிறேன். ஆனால் விடுவதற்கு முன் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கை தயங்குகிறது. உனக்கு அன்று அந்த ஒரு நொடிகூட ஆகவில்லை.