ஏழாயிரம் ரூபாய் வீடு

3 நவம்பர் 2003, திங்கள்

ரேஷன் கடையில் இன்று அரிசி இல்லை என்றார்கள். ஊருக்கே இல்லை என்றால் பழகிப்போன சமாசாரம், பையை மடித்துக்கொண்டு வந்திருப்பேன். மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. எனக்கு மட்டும்தான் இல்லை.

எடை போடுகிற அருள்மேரி ஐந்து வருஷமாகத் தெரிந்தவள். ஏதோ லிஸ்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கார்டின் முதல் பக்கத்தில் டப்பென்று ஒரு முத்திரை குத்தினாள். ஆங்கிலத்தில் H.

"மாசம் அஞ்சாயிரத்துக்கு மேல வருமானம் இருக்கிற வீட்டுக்கு இதுதான்க்கா. கார்டு உங்ககிட்டயே இருக்கும். அட்ரஸ் ப்ரூஃபுக்கு வச்சுக்கலாம். சாமான் கிடையாது."

ஐயாயிரத்துக்கு மேலா? நாங்களா? பின்னால் நின்ற ஒருத்தி, "பாய் வூடு வசதியாயிடுச்சா, சொல்லவே இல்ல! பிரியாணி எப்போ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நோன்பு வைத்திருக்கிறேன். வாயைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதுகிற கைக்கும் அதே சட்டம்தான் என்று நினைக்கிறேன். இதோடு நிறுத்துகிறேன்.

4 நவம்பர், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நாத்தனார் நிகத்தைப் பெண் பார்க்க அஸ்தினாபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பரக்கத் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர். அவருடைய அப்பா அத்தாவுல்லா, அம்மா ஜெய்னப், இன்னும் நாலு பேர். நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ரேஷன் கார்டு கணக்கெடுக்கிற ஆள் வாசலில் வந்து நின்று, "குடும்பத் தலைவர் மாத வருமானம் எவ்வளவுங்க?" என்று கேட்டிருக்கிறான். எங்கள் வீட்டுக் குடும்பத் தலைவர், சம்பந்தி ஆகப்போகிறவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏழாயிரம்" என்றாராம்.

ஏழாயிரம்! பம்மலில் தோல் பதனிடுகிற ஷெட்டில் டிரம் ஓட்டுகிறவருக்கு ஏழாயிரம்! மூவாயிரத்து ஐந்நூறு, அதுவும் வெயில் காலத்தில். மழை வந்தால் தோல் காயாது, வேலை நாளும் பாதியாகிவிடும். நான் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதைச் சேர்த்தாலும் ஐயாயிரத்தின் பக்கத்தில்கூடப் போகாது.

"ஏங்க இப்படிச் சொன்னீங்க?" என்றால், "அவங்க முன்னாடி மூவாயிரத்து ஐந்நூறுன்னு சொல்லச் சொல்றியா? வந்த சம்பந்தம் நிக்குமா?" என்கிறார். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை அந்த ஆள் பேனாவால் எழுதிக்கொண்டு போவான் என்று இவருக்கு அப்போது தோன்றவே இல்லையாம்.

கோபம் கோபமாக வருகிறது. சிரிப்பும் வருகிறது. சிரித்தால் சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்வார், அதனால் சிரிக்கவில்லை.

7 நவம்பர், வெள்ளி

எழுதிக் கொடுத்தால் விசாரித்துவிட்டு முத்திரையை மாற்றுவார்களாம். அருள்மேரி சொன்னாள். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், சம்பளச் சீட்டு வைக்க வேண்டும், பிறகு ஒருவர் தெருவுக்கே வந்து விசாரிப்பார்.

தெருவுக்கே வருவார் என்றதும் இவருக்கு முகம் செத்துவிட்டது. அத்தாவுல்லாவின் மச்சான் வீடு எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. "பிப்ரவரியில நிக்காஹ் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அதுவரைக்கும்? கடையில் மூன்றரை ரூபாய்க்கு வாங்கின அரிசியை வெளியில் பன்னிரண்டு கொடுத்து வாங்குவது. மழை மாசத்தில். கல்யாணச் செலவு வேறு. இவருடைய கௌரவத்தை உலையில் போட்டால் வேகுமா?

11 நவம்பர், செவ்வாய்

கோவளத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற முத்தாலம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். இன்று அவளாகவே அவள் கார்டு அரிசியில் ஐந்து கிலோ கொண்டுவந்து கொடுத்தாள். காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

"எங்க வூட்டாண்டயும் வந்தான் அந்த ஆளு. மாசம் எவ்ளோ வருதுன்னான். எங்க வூட்டுக்காரரு, 'எனக்கின்னா தெரியும், மீன்கிட்ட போய் கேளு'ன்னாரு. ஏதோ எழுதிக்கினு பூட்டான். அரிசி வந்துகினு கீது."

அந்த மனுஷருக்கு இருந்த புத்தி எங்கள் வீட்டில் இல்லை. அரிசி மீன் கூடையிலேயே வந்ததால் சோறெல்லாம் ஒரே மீன் வாசம். என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். என் கார்டு என் கையில் இருக்கும்போது அடுத்தவள் வீட்டு அரிசியை ஏன் சாப்பிட வேண்டும்? இது ஒரு தடவைதான்.

15 நவம்பர், சனி

ராஜாராமன் சாரோடு சண்டை. சண்டை என்று அவர் சொல்ல மாட்டார், விவாதம் என்பார். எதிர் வீடு, மத்திய அரசில் ரிட்டயர் ஆனவர். தினமும் சாயந்திரம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க எவர்சில்வர் தூக்கோடு எங்கள் ஆட்களுக்கு முன்னால் போய் நிற்கிறவர்.

"நான் சொன்னா தப்பா எடுத்துக்காதம்மா. கவர்மென்ட் எத்தனை பேருக்குத்தான் சோறு போடும்? ரியலா பூவர் யாரோ அவங்களுக்கு மட்டும் குடுத்தாப் போறும். எல்லாருக்கும் குடுத்துக் குடுத்துத்தான் நாடு உருப்படாமப் போச்சு."

நான் தூக்கைக் காட்டினேன். "சார், பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி யார் குடுக்கிறாங்க?"

"யாரு?"

"கவர்மென்ட்தான் சார். சலுகை அரிசி."

மனிதர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் பாதி விலையை யார் போடுகிறார்கள்? பல்லாவரத்திலிருந்து பீச் வரைக்கும் நீங்கள் முப்பது வருஷம் போன சீசன் டிக்கெட்? அதெல்லாம் உங்களுக்கு வந்தால் வசதி, எனக்கு வந்தால் இலவசமா?

"அது வேற, இது வேறம்மா" என்றார். எப்படி வேறு என்று யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஆனால் படுத்த பிறகு எனக்கும் யோசனை. கார் வைத்திருக்கிறவனுக்கு மூன்றரை ரூபாய் அரிசி எதற்கு? அவன் வாங்கவும் மாட்டான், வாங்கினாலும் கோழிக்குப் போடுவான். அதற்காக ஐயாயிரம் என்று கோடு போட்டார்கள், சரி. போட்டதும் என்ன ஆயிற்று? வசதியானவன் ஏழை மாதிரி நடிக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் பணக்காரர் மாதிரி நடிக்கிறார்கள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் யாரும் எவர் முன்னாலும் வருமானத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் சொல்வது தப்பா? தப்பாக இருந்தாலும் இருக்கட்டும்.

26 நவம்பர், புதன்

பெருநாள். அஸ்தினாபுரத்திலிருந்து நிகத்துக்குப் பச்சைப் பட்டுச் சேலை வந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியில் வாங்கின அரிசிக்கு இன்னும் கடைக்காரருக்குப் பணம் தரவில்லை என்பதை அந்தச் சேலை மறைத்துவிட்டது.

30 நவம்பர், ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமையே, இவர் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, தோல் ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் சம்பளச் சீட்டு கேட்டு வாங்கினேன். இவரிடம் சொல்லவில்லை. நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பதினாறு வருஷமாக இவர் அங்கே மூக்கைப் பொத்தாமல் நிற்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் கோபம் தணிந்தது. கொஞ்சம்தான்.

மனு எழுத ராஜாராமன் சாரிடமே போனேன். வேறு யாருக்கு அந்த பாஷை வரும்? கொள்கைக்கு விரோதம் என்று முனகிக்கொண்டே அழகாக எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்தேன். 'ஏழையாகிய எங்கள் மீது கருணை கூர்ந்து' என்று இருந்தது. அந்த வரியை அடித்தேன்.

"என்னம்மா பண்றே? மனுன்னா அப்படித்தான் எழுதணும்."

"கருணை வேண்டாம் சார். தப்பா எழுதினதைத் திருத்தச் சொல்றேன், அவ்வளவுதான்."

அடித்தல் திருத்தலோடு கொடுக்கக் கூடாது என்று அவரே வேறு தாளில் திரும்ப எழுதினார். கருணை இல்லாமல்.

1 டிசம்பர், திங்கள்

வழங்கல் அலுவலகம். காலை பத்து மணிக்குப் போனேன், மூன்று மணிக்குத்தான் ஆள் வந்தார். சீட்டில் இருந்தவர் மனுவைப் பார்த்துவிட்டு, "குடும்பத் தலைவர் எங்கம்மா? அவர் வரலையா?" என்றார்.

"தலைவர் வெக்கத்துல இருக்கார் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சீல் குத்தி, விசாரணைக்கு வரும்போது சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும், அவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். "என் தங்கச்சி வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்ட" என்றார். போட்டேனா? யா அல்லாஹ், நான் போட்டேனா?

2 டிசம்பர்

இவர் பேசவில்லை. நிகத்தும் பேசவில்லை. தையல் மெஷின் மட்டும் பேசுகிறது.

9 டிசம்பர், செவ்வாய்

நிகத்திடம் நேராகவே கேட்டேன். "என் மேல கோபமா?" ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அந்தச் சேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணி" என்றாள். அவளுக்கு இருபத்தாறு வயது. இதற்கு முன்னால் வந்த மூன்று சம்பந்தமும் வரதட்சணையில் நின்றுபோனவை. எனக்குத் தெரியாதா?

ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன்.

17 டிசம்பர், புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

விசாரணைக்கு வந்தவர் சின்ன வயசு ஆள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார். தெருவே எட்டிப் பார்த்தது. மூன்றாவது வீட்டு அத்தாவுல்லா மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். பொழுது போகவில்லை போலிருக்கிறது.

"ஷாகுல் ஹமீது யாரு? ஏழாயிரம்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"இப்ப மூவாயிரத்து ஐந்நூறுன்னு மனு வந்திருக்கு. எது நிஜம்?"

இவர் அந்த மச்சானைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். "ஏழாயிரம்தான் சார். வீட்டுல விவரம் தெரியாம எழுதிட்டாங்க" என்றார்.

நான் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். அந்த ஆள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை, தெரு முன்னால், விவரம் தெரியாதவளாக்கிவிட்டார். அந்த ஆள் பேனாவை எடுத்து எழுதப் போனார். எழுதிவிட்டால் முடிந்தது கதை.

அப்போது உள்ளே இருந்து நிகத் வந்தாள். தலையில் துப்பட்டாவைச் சரியாகப் போட்டுக்கொண்டு, வாசல்படியில் நின்று, அந்த மச்சான் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

"எழுதாதீங்க சார். அண்ணனுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. மழை மாசத்துல அதுவும் இல்ல. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாங்க. எனக்காக இனிமே யாரும் சொல்ல வேணாம்."

இவர் திண்டாடிப்போனார். பிறகு சம்பளச் சீட்டை என் கையிலிருந்து இவரே வாங்கி அந்த ஆளிடம் நீட்டினார். "தங்கச்சி சொல்றதுதான் சார் நிஜம்."

மச்சான் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று கேட்க வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் போன் பூத் இருக்கிறது.

18 டிசம்பர்

அஸ்தினாபுரத்திலிருந்து எந்தத் தகவலும் இல்லை.

21 டிசம்பர்

இன்றும் இல்லை. நிகத் பச்சைச் சேலையை மடித்து, வந்த பெட்டியிலேயே வைத்துவிட்டாள். கேட்டால் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டுமாம். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். மனு கொடுத்ததற்காக இல்லை. அவளுக்காக.

24 டிசம்பர், புதன்

ஜெய்னப் அக்கா வந்தார். தனியாக, ஷேர் ஆட்டோவில், சொல்லாமல் கொள்ளாமல். டீயைத் தொடவில்லை. நிகத்தைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"தெருவுல நின்னு நீயாம்மா பேசினே?"

"ஆமா மாமி."

"பயமா இல்ல?"

"இருந்துச்சு."

அந்தம்மா பர்தாவுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அவர்கள் வீட்டு ரேஷன் கார்டு. முதல் பக்கத்தில் H. என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல ஏழாயிரம்னு சொன்னதை எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு வந்தாரா, அடுத்த வாரம் அதே கணக்கெடுப்பு எங்க வீட்டுக்கும் வந்துச்சு. பொண்ணு வீட்டைவிட நாம கம்மியாச் சொல்லக் கூடாதுன்னு பன்னிரண்டாயிரம்னு சொல்லிட்டார், மெஹ்னாஸ். அவர் பழைய பேப்பர் கடையில என்ன வருதுன்னு எனக்குத்தானே தெரியும்? ரெண்டு மாசமா வெளி அரிசி. சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. எட்டு நாளா அவரோட சண்டை. பொண்ணு வேணாம்னார். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்னு சொல்லிட்டேன்." பிறகு நிகத்தைப் பார்த்து, "அந்த மனு எப்படி எழுதணும்? உனக்குத் தெரியுமா?" என்றார்.

நிகத் தாளும் பேனாவும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து எழுதினாள். இவர் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. வந்திருந்தால் நான் சிரித்திருப்பேன்.

8 பிப்ரவரி 2004, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. கால் வலி. நாளைக்கு எழுதுகிறேன்.

10 மார்ச், புதன்

கார்டு சரியாகி வந்துவிட்டது. H மேல் குறுக்கே கோடு போட்டு ஒரு கையெழுத்து. இவரே பையை எடுத்துக்கொண்டு என்னோடு ரேஷன் கடை வரிசையில் வந்து நின்றார். யாரோ ஏதோ கேட்டதற்கு, "மூவாயிரத்து ஐந்நூறு" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்.

போன வாரம் நிகத்தின் பெயரை எங்கள் கார்டிலிருந்து எடுத்தோம். எடுத்தால்தான் அவர்கள் கார்டில் சேர்க்க முடியுமாம். இன்று அரிசி வாங்கும்போதுதான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பன்னிரண்டு வயசுப் பெண். அவள் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 'நீக்கம்'. கடையில் அத்தனை பேர் முன்னால் பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

அருள்மேரி தராசை விட்டுவிட்டு, "இன்னாக்கா, அரிசிதான் வந்துடுச்சே, இப்ப எதுக்கு அழுவுற?" என்றாள்.

"அழறதுக்கும் வருமானச் சீட்டு வேணுமாடி?" என்றேன். "நீ எடையைச் சரியாப் போடு."