சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

காய்ந்துபோன சந்தனத்தை ஊக்கின் முனையால் சுரண்டினால் மறுபடியும் மணக்கும் என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். வாலாஜாபாத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த பாஸ்கர் நம் கடை மேஜைமுன் உட்கார்ந்து, உன் பேக்கப் டிஸ்கிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார். வயர் செருகுகிற ஓட்டை முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம் வேறு. "இன்னாக்கா இது, அம்மைக்கு மருந்து பூசின மாதிரி கீது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

நம் கம்ப்யூட்டர் போய்விட்டதடி. மழை பெய்த அன்று கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியாக வந்தபோது உள்ளேயிருந்து தீய்ந்த வாடை. பாஸ்கர் பிரித்துப் பார்த்து, போர்டும் போச்சு, உள்ளே இருக்கிற டிஸ்கும் போச்சு என்று கையை விரித்துவிட்டார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நீயும் நானும் டிடிபி கடை போட்டதிலிருந்து அடித்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுகிற நோட்டீஸ் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். புதிது என்றால் நமக்குத்தான் புதிது. சென்னையில் ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஷின். ரொம்பப் புதிதாக இருந்தால் உன் பழைய சாஃப்ட்வேரெல்லாம் ஏறாது என்று பாஸ்கர்தான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

சந்தனக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உனக்குப் பெரிய நாள். ஊரெல்லாம் கடையைக் கழுவிக்கொண்டிருக்க, நீ அந்த டிஸ்கைச் செருகி மொத்தக் கம்ப்யூட்டரையும் நகல் எடுக்க உட்கார்ந்துவிடுவாய். பத்திரிகைகளை மட்டும் எடுத்தால் காபி குடிக்கிற நேரத்தில் முடியும். நீயோ விண்டோஸ், சாஃப்ட்வேர், எழுத்து, சுவரில் மாட்டின படம் மாதிரி ஸ்கிரீனில் இருக்கிற படம் வரை விடமாட்டாய். சாயங்காலம் முழுக்க ஓடும். ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்து, பேப்பர் கட்டரைத் துடைத்து, பூஜைக்கு வாங்கிவைத்த பொரியில் பாதியைத் தின்றும் முடித்திருப்பேன், அது முடிந்திருக்காது. "ஏண்டி இந்தப் பேஜாரு, வேணுங்கறத மட்டும் எடுத்தா ஆவாதா?" என்பேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாய்: "வூடு மாறிக்கினு போறவ அடுப்ப வுட்டுட்டாடி போவா?"

மறுநாள் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, லேமினேஷன் மிஷினுக்கு ஒரு பொட்டு, டிஸ்குக்கும் ஒரு பொட்டு. படைத்த பிறகு அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. அதனால்தான் முந்தின நாளே நகல்.

நீ கடைசியாக நகல் எடுத்த வருஷத்துப் பூஜை முடிந்து, மாசியில் நீ காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை வந்தது. இரண்டுக்கும் டிஸ்கை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சாத்தி, கற்பூரம் காட்டினேன். நகல் மட்டும் எடுக்கவில்லை. சத்தியமாக அது ஞாபகத்துக்கே வரவில்லையடி. டிஸ்குக்குப் பொட்டு வைத்ததும் எல்லாம் பத்திரமாகிவிட்டதாக ஒரு நிம்மதி. நீயாவது பொட்டை அதன் முதுகில் வைப்பாய். நான் வாயைத் தேடி வைத்திருக்கிறேன்.

மிஷின் கெட்ட அதே வாரமாகப் பார்த்து சாலவாக்கத்து ஏகாம்பரம் வந்தார். அவர் பெரிய மகள் கல்யாணப் பத்திரிகை உனக்கு மறந்திருக்காது. ஏரிப் பாசன வாய்க்கால் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்த சமயம். அழைப்பவர்களில் யார் பெயர் மேலே என்று நம் கடை வாசலிலேயே இரண்டு கட்சி. நீ இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டாய். ஏகாம்பரம் என்பது நீளம், தம்பி பெயர் முனுசாமி, அதைவிடக் குறைவு. தம்பி விரலை வைத்து அளந்து பார்த்து, அண்ணன் பெயர் பெரிதாக இருக்கிறது என்றார். நீ ஒன்றை நெருக்கி, மற்றதைக் கொஞ்சம் விரித்து, இரண்டையும் நூல் பிடித்த மாதிரி சமமாக்கிவிட்டு, "இப்ப அளந்து பாரு நைனா, வோணும்னா அரிசிய வரிசையா வச்சி எண்ணிக்கூடப் பாரு" என்றாய். அந்தக் கல்யாணத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது சின்ன மகளுக்குக் கல்யாணம். பழைய பத்திரிகையை மஞ்சள் கறையோடு மேஜையில் வைத்தார். "இதே மாதிரி வோணும்மா. பொண்ணு மாப்ள பேரு, தேதி, இத மட்டும் மாத்து. வெள்ளிக்கிழம கொலசாமிக்கு மொத பத்திரிக வைக்கணும். எழுத்து மாறிச்சின்னா அவன் திரும்ப அளக்க ஆரம்பிச்சிடுவான்" என்றார். அண்ணன் தம்பிக்குள் மறுபடியும் உரசல் தொடங்கியிருக்கிறது என்று புரிந்தது. பார்த்து அடித்துவிடலாம் என்று பாஸ்கரின் லேப்டாப்பை வாங்கி, அதில் இருந்த எழுத்தில் நானே முயன்றேன். பேங்க் நோட்டீஸ் மாதிரி வந்தது. முனுசாமி ஒரு பக்கம் வழிந்துகொண்டு நின்றார்.

அவருக்குத் தம்பி வர வேண்டும். எனக்கு உன் எழுத்து வர வேண்டும். அந்த எழுத்து காசு கொடுத்தாலும் எங்கேயும் கிடைக்காது. கடையில் வாங்கின எழுத்துருவில் ழ வால் அறுந்த மாதிரி இருக்கிறது என்று நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாய். வாசலில் ஆள் நிற்கிறது, நீ ழவுக்கு வால் இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்று நான் கத்தினேன். "நம்ம ஊர்ல வாயிலதான் அது வர்ல, பத்திரிகைலயாவது ஒழுங்கா இருக்கட்டும்டி" என்றாய். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் அந்த எழுத்தைப் பார்த்தாலே நம் கடைப் பத்திரிகை என்று சொல்லிவிடுவார்கள். திருப்புலிவனத்தில் ஒரு வீட்டில் பழைய பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள், நான் பார்த்தேன்.

சந்தனத்தை எடுத்து, பஞ்சால் துடைத்து, பாஸ்கர் வயரைச் செருகினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நீல விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்த பத்திரிகைகளை மட்டும் புது மிஷினுக்கு மாற்றி, ஏகாம்பரத்தின் ஃபைலைத் திறந்தார். திருமணம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, யு, கே என்று ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. வேறொன்றைத் திறந்தார், அதுவும் அப்படியே. நீ இத்தனை வருஷம் செய்ததெல்லாம் இப்படிக் குப்பையாகக் கிடக்கிறதே என்று அழுகை வந்தது. பாஸ்கர் எதிரில் அழுதும்விட்டேன்.

"எழுத்து இல்லக்கா, அதான் இப்படி. எழுத்து எங்க வச்சிருப்பாங்க?" என்று அவர் கேட்டபோதுதான் உன் அடுப்பு ஞாபகம் வந்தது. "தனியா எதையும் தேட வேணாம் பாஸ்கரு. அவ மொத்த வூட்டையும் தூக்கி வச்சிருக்கா. மொத்தமா எறக்கு" என்றேன்.

மொத்தமாக இறக்கினார். மிஷினைப் போட்டால் நீல ஸ்கிரீன் வந்து அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. "போர்டு வேறல்ல, உள்ள இருக்கறது பழைய போர்டையே தேடிக்கினு கீது. புதுசு அதுக்குப் புடிபடல" என்றார். அவருக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். மிஷினின் செட்டிங்கில் போய் டிஸ்கைப் பழைய மாதிரி படிக்கச் சொல்லி ஏதோ மாற்றினார். அணைத்துப் போட்டார். இந்தத் தடவை அணையவில்லை.

ஸ்கிரீனில் நாம் இரண்டு பேரும் நின்றோம். ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்தோடிய வருஷம், சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றோமே, அந்தப் படம். நீ கண்ணை மூடின வாரத்திலேயே பார்க்க முடியாமல் அதை எடுத்துவிட்டு வெறும் பச்சையைப் போட்டிருந்தேன். அது திரும்பி வரும் என்று நான் நினைக்கவேயில்லை. நீ வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாய். ஐயோ, உன்னை எவ்வளவு தேடியிருக்கிறது எனக்கு.

ஏகாம்பரம் பத்திரிகையைத் திறந்தோம். எழுத்தெல்லாம் வந்துவிட்டது, வாலோடு. வியாழக்கிழமை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். தம்பி விரலை வைத்து அளந்தார். அப்புறம் கையைத் தடவிக்கொண்டு, "அந்தம்மா கையி அப்டியே கீதுண்ணா" என்றார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பங்குக்கு நான் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் போய்ச் சும்மா நின்றேன்.

மறுநாள் பாஸ்கர் பிரிண்டரைச் சரிசெய்ய வந்தார். "நகல் எடுத்த நாளோட நின்னுபோச்சிக்கா. அதுக்கப்புறம் அடிச்சது ஒண்ணும் இல்ல. முக்கியமா எதனா போச்சா?" என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் வந்த கல்யாணங்களெல்லாம் முடிந்து பிள்ளையும் பிறந்தாயிற்று, அவை போனால் போகட்டும். காரியப் பத்திரிகை வைக்கிற ஃபோல்டரைத் திறந்தேன். ஊரில் செத்தவர்கள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் பத்திரிகையை நான்தான் அடித்தேன். உன் எழுத்தில்தான் அடித்தேன். உன் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையைப் போடக் கை வராமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு போச்சு" என்றேன்.

"எழுதின மேட்டரு இருந்தா குடுக்கா, உக்காந்து அடிச்சிடலாம்."

"வேணாம் பாஸ்கரு. அது இந்த மிஷின்ல வேணாம்."