மூன்றாம் பிரஸ்ஸும் கேட்டில் வைத்த ஊதுகருவியும்

அனுப்புநர்
பராமரிப்புத் தொழில்நுட்பர்,
பிரஸ் கூடம், தகடு உதிரிபாகத் தொழிற்சாலை.

பெறுநர்
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: மூன்றாம் பிரஸ் விபத்து – ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற முடிவை நீக்கி மறுவிசாரணை நடத்தவும், குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்யவும் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. வலது கை விரல்கள் நான்கு. கட்டைவிரல் தப்பியது. அது தப்பியதால் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

1. விரல்களை இழந்தவர், கூடத்தில் எல்லோரும் ‘ரேடியோ’ என்று கூப்பிடும் உதவியாளர். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. அதே பிரஸ்ஸில் அவருடன் நின்றவர் என் அக்காவின் கணவர். அத்தான் குடிப்பவர். உறவை மறைத்து எழுதினான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

2. தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒரே ஆள் இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, அடி விழுந்து முடியும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒரு கை விலகினாலும் இயந்திரம் நின்றுவிடும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் போக மூன்றாவது கை கிடையாது. பாதுகாப்பு முழுவதும் இவ்வளவுதான்.

3. கை நடுங்குகிறவர் பொத்தானைப் பிடித்திருக்க முடியாது. பிரஸ் பாதியில் நின்று நின்று போகும். அந்த நிறுத்தத்தை எடுத்துவிடும்படி மேற்பார்வையாளர் என்னைக் கேட்டார். முடியாது என்றேன். “உன் படிப்பை நீயே வச்சுக்கப்பா. கூட ஒரு ஆள நிறுத்திட்டுப் போறேன்” என்றார். நிறுத்தினார். நடுங்குகிறவர் ஒரு பொத்தானை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடிப்பார். பக்கத்தில் நிற்பவர் மற்றதை அழுத்துவார். இதற்குக் கூடத்தில் ‘துணைக்கு நிற்பது’ என்று பெயர். யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. கூட வேலை செய்கிறவனின் கூலி போகாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். துணைக்கு நிற்பவரின் ஒரு கை சும்மா இருக்கிறது என்பதை மட்டும் நினைக்கவில்லை. அன்று தகடு சற்றே கோணலாகக் கிடந்தது. ரேடியோ தன் சும்மா இருந்த வலது கையால் அதை நேராக்கினார். அவருடைய இடது கை அவர் பொத்தானிலும் அத்தானின் இரு கைகளும் இன்னொன்றிலும் இருந்தன. இயந்திரம் தன் கணக்குப்படி சரியாகவே அடித்தது.

4. தங்கள் அறிக்கை, குடித்திருக்கிறார்களா என்று மூச்சில் கண்டுபிடிக்கும் ஊதுகருவி இன்னும் ஒன்றைக் கேட்டில் வைக்கப் பரிந்துரைக்கிறது. ஐயா, அத்தான் அன்று காலை ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. அவர் போதையில் இல்லை, அதனால்தான் நடுங்கினார். இத்தனை வருடம் குடித்த உடம்பு, குடிக்காவிட்டால் நடுங்கும். கேட்டில் மாட்டினால் அன்றைய கூலி போகும் என்பதால் விடியலில் யாரும் குடிப்பதில்லை. நடுங்கிக்கொண்டே பிரஸ்ஸுக்கு வருகிறார்கள். பத்தரை மணி தேநீர் இடைவேளையில் எதிரே இருக்கும் மதுக்கடைக்குப் போய்விட்டு வருகிறார்கள்; நடுக்கம் நின்றுவிடும். திரும்பி வரும்போது ஊதச் சொல்வதில்லை. “பத்தரைக்கு மேல எல்லாருக்கும் டாக்டர் கை” என்பது எங்கள் கூடத்து நகைச்சுவை. மேற்பார்வையாளரும் சேர்ந்து சிரிப்பார். தங்கள் குழு வந்தது பதினொரு மணிக்கு. எல்லாக் கைகளும் நேராக இருந்ததைப் பார்த்துவிட்டுப் போனீர்கள்.

5. விபத்துக்குப் பிறகு அத்தான் ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். பொது மருத்துவமனையில் ஊசி போட்டு, “குடிகாரங்களுக்கெல்லாம் இங்க பெட் கிடையாது” என்று திருப்பி அனுப்பினார்கள். அக்கா என்னிடம், “குடிச்சா குடும்பம் விழுது, நிறுத்தினா ஆளே விழுறாரு. நான் எதைடா வேண்டிக்கிறது?” என்று கேட்டாள். அவள் கேள்வியை அப்படியே இங்கே எழுதுகிறேன். பதில் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைராக்கியம் மட்டும் போதாத நோய் இது என்பது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

6. ‘தனிநபர் பழக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள் நிற்கிறார்கள். காலை முழுவதும் அடிக்கும் தகட்டில் பாதி குப்பைக்குப் போகிறது. பக்கத்துப் பட்டறையிலும் அடுத்த தெரு அச்சகத்திலும் இதே கதைதான். மதுக்கடை செலுத்தும் வரியை நாட்டின் வருமானம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, இந்த நட்டத்தை எழுத மட்டும் இடம் கிடைக்கவில்லையா? அந்தக் கடைக்குத் தொழிற்சாலை வாசலைத் தேடிப்பிடித்து உரிமம் கொடுத்தது எந்தத் தனிநபரின் பழக்கம்?

7. இப்போது கட்டைவிரல். தவறு தன்னுடையதே என்று ரேடியோ ஒப்புக்கொள்ளும் தாளுடன் நிறுவன அலுவலர் மருத்துவமனைக்கு வந்தார். கையெழுத்துப் போட முடியாது என்று ரேடியோவின் மனைவி கட்டுப் போட்ட கையைக் காட்டினார். “அதான் கட்டைவிரல் இருக்கேம்மா, ரேகை வச்சா போதும்” என்று மைப்பெட்டியைத் திறந்தார் அந்த அலுவலர். நான் அங்கேதான் நின்றேன். ரேகை வைக்கும்போது ரேடியோ ஒன்றும் பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆகவே, ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீக்கி, ரேடியோவை வேறு வேலையில் அமர்த்தவும், காலை ஆறு மணிக்கு நேரில் வந்து மறுவிசாரணை செய்யவும், ஊதுகருவிக்குப் பதிலாகச் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் மருத்துவமனைப் படுக்கையும் கிடைக்கச் செய்யவும், வாசல் கடையை அகற்ற உரியவர்களுக்கு எழுதவும் வேண்டுகிறேன். தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் செய்யப்போவது:

1. திங்கள் காலை மூன்றாம் பிரஸ்ஸின் மின்சுவிட்சைப் பூட்டுவேன். ஒரு பிரஸ்ஸுக்கு ஒரு ஆள் என்று எழுத்தில் உத்தரவு வரும்வரை சாவி என்னிடம் இருக்கும். வேலை போனால் போகட்டும்.

2. அத்தானை மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துப்போய், படுக்கை தரும்வரை வராந்தாவில் உட்காருவோம். அக்கா பாய் எடுத்து வைத்துவிட்டாள்.

3. இந்த மனுவைத் தபாலில் சேர்க்க மாட்டேன். ரேடியோவுடன் வந்து தங்கள் கையில் தருவேன். கட்டுப் போட்ட கையைத் தாங்கள் பார்க்க வேண்டும்.

4. அவர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். எழுத்து குழந்தை எழுதியதுபோல இருக்கிறது. அந்தக் கையால் அவர் போடும் முதல் கையெழுத்து, நிறுவனத்தின் தாளில் அல்ல, இதன் கீழே இருக்கும்.

இடம்: பிரஸ் கூடம்
நாள்: மார்ச் 27

ஒப்பம்: பராமரிப்புத் தொழில்நுட்பர்

ஒப்பம் (இடது கை): மூன்றாம் பிரஸ் உதவியாளர்